வதந்திக்கும் மீட்புக்கும் ஒரே கைபேசி

(கழக்கூட்டத்தில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் தமிழாக்கம்)



2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு மூதாட்டி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் உலவுவதாக வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பியவர்கள் அவரை அடித்தே கொன்றனர். மூன்றே மாதங்களில், ஆகஸ்டில், கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. அப்போது அதே கைபேசிதான் மாடியில் சிக்கியவர்களின் இருப்பிடத்தை மீனவர்களின் படகுகளுக்குத் தெரிவித்தது.

மலையாளிகள் நல்லவர்கள், தமிழர்கள் பொல்லாதவர்கள் என்பதன்று இதற்குக் காரணம். வெள்ளத்தின்போது இங்கும் வதந்திக்குப் பஞ்சமில்லை. முல்லைப் பெரியாறு அணை உடைந்ததாகச் செய்தி பறந்தது. ராணுவச் சீருடை அணிந்த ஒருவர் மாநில அரசைப் பழித்த காணொளி உலவியது. அவர் போலி என்று ராணுவமே அறிவிக்க நேர்ந்தது.

வேறுபாடு கருவியின் அமைப்பில் இருந்தது. கேரள ரெஸ்க்யூ இணையதளத்தை மாநிலத் தகவல் தொழில்நுட்ப மிஷனும் ஐ-டிரிபிள்-இ அமைப்பின் இளம் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கினர். அதன் நிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் கூடியதாகத் திறந்து வைக்கப்பட்டது. உதவி கோரி வந்த பதிவுகளைத் தொண்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு பரப்பவில்லை. உரியவரைத் தொலைபேசியில் அழைத்து, மெய்தானா, மீட்கப்பட்டுவிட்டாரா, ஒரே வேண்டுகோள் பலமுறை பதிவாகியுள்ளதா என்று பார்த்தனர். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் படகு வீண் பயணம் போகாமல் காத்தது அந்த வேலையே.

முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் உரிமையாளர் ஒரே ஏகபோக நிறுவனம். முகநூல் விற்பது பயனாளரின் கவனத்தை, வாங்குவோர் விளம்பரதாரர். அச்சமும் ஆத்திரமும் மனிதரைத் திரைமுன் கட்டிப்போடுமெனில், அவற்றைத் தணிப்பதில் அதற்கு என்ன இலாபம்? நாட்டின் பல பகுதிகளில் கும்பல் கொலைகள் நடந்த பின்னரே, 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் இந்தியாவில் வரம்பிட்டது. முன்பே செய்திருக்கக்கூடிய மாற்றம் அது.

சட்டத்தால் தடுத்துவிடலாமே என்ற வாதத்துக்கு இடதுசாரிகளின் சொந்த அனுபவமே விடை. 2020 நவம்பரில் கேரள அரசு காவல் சட்டத்தில் 118ஏ பிரிவைச் சேர்த்து அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அவதூறான பதிவுக்கு மூன்றாண்டு வரை சிறை. பெண்களுக்கு எதிரான இணைய வசையைத் தடுக்கும் நோக்கம் உண்மையானதே. எனினும் விமர்சிப்பவர் வாயையும் அது அடைக்கும் என்ற எதிர்ப்பு கட்சிக்குள்ளும் வெளியிலும் எழவே, சில நாட்களில் அரசு பின்வாங்கியது. பின்வாங்கியது சரி, அதைவிட, கொண்டுவராமலே இருந்திருக்க வேண்டும்.

2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்ட கே-ஃபோன் மூலம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது பெரும் சாதனை. கம்பி மக்களுடையது. அக்கம்பியின் வழியே வீட்டுக்குள் நுழைவது எது என்பதை இன்னமும் கலிபோர்னியா முதலாளிகளே தீர்மானிக்கின்றனர். கண்ணூர் மாவட்டப் பள்ளிகளில் பொய்ச்செய்தியை இனங்காணக் கற்பித்த சத்தியமேவ ஜெயதே திட்டம் பின்னர் மாநிலமெங்கும் விரிந்தது. பிள்ளைகள் கற்றுவிடுவார்கள், பெரியவர்கள்தாம் கவலைக்குரியோர்.

1990இல் நாயனார் ஆட்சியில் உருவான டெக்னோபார்க்கில் நிரல் எழுதும் தோழர்களுக்கு இது அயலார் விவகாரம் அன்று. கட்சிக் கிளைகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் எங்கோ, என்றோ எடுத்த படங்கள் இன்றைய அடக்குமுறையின் சான்றாக வருகின்றன. நோக்கம் நல்லது என்பதால் எவரும் கேட்பதில்லை. மேலே அனுப்புமுன் உரியவரை அழைத்துக் கேட்கும் பொறுப்பு எந்தத் தோழருடையது என்பதை ஒவ்வொரு கிளையும் அடுத்த கூட்டத்திலேயே பெயர் குறித்து முடிவு செய்ய வேண்டும்.