தரையில் விழுந்த சுருட்டு

'ருசி மனிதரைச் சேர்க்கும்'னு எதிரணி அம்மா சொன்னாங்க. சுருட்டையே எடுத்துக்குவோம். (உடம்புக்குக் கேடு, யாரும் கடைக்குக் கிளம்பிடாதீங்க!) ஆங்கிலத்தின் 'செரூட்' நம்ம சுருட்டுதான். 1887-இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், சாம்பலைப் பார்த்தே 'திருச்சிச் சுருட்டு' என்கிறார் அவர். (கைதட்டல்)

தஞ்சாவூர்ப் பக்கம் எங்க தாத்தா, உறையூர்ச் சுருட்டைப் பெட்டியிலே அடுக்கி வைத்திருப்பார். மிராசுதார் கூட்டாளிகள் வந்தால், திண்ணையில் ஒரே நெருப்பில் பற்றவைத்து, காரம் எப்படி, இலை எப்படி என்று ஒரு மணி நேரம் பேச்சு! அறுவடையன்று கதிரடித்த ஆளுக்கும் ஒன்று உண்டு. கையிலே தரமாட்டார், தரையிலே போடுவார். அவர் குனிந்து எடுத்து, வரப்புக்கு அந்தப் பக்கம் போய்ப் புகைப்பார்.

அதே பெட்டி, அதே சுருட்டு. அம்மா, யாரை யாரோடு சேர்த்தது?