கிணற்றடியில் அழித்த படம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் சாட் நாட்டுக்குப் போகப்போகிறோம் என்று சொன்னபோது வீட்டில் வந்த முதற் கேள்வி, "அது எங்கை இருக்கு?" அடுத்தது, "அங்கை போய் என்ன செய்யப் போறியள்?" முதற் கேள்விக்குப் பதில் சுலபம். ஆபிரிக்காவில், லிபியாவுக்குத் தெற்கே, சூடானுக்கு மேற்கே, கடற்கரையே இல்லாத நாடு. இலங்கையைப்போல ஏறக்குறைய 20 மடங்கு பெரியது. 1960 வரை பிரான்சின் ஆட்சியில் இருந்தது. இரண்டாவது கேள்விக்குத்தான் போய்வந்த பிறகும் எங்களுக்குள் ஒரே பதில் இல்லை.

நாங்கள் என்பது இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் இருந்த மூவர். ஒருத்தி லண்டனில், ஒருத்தி ரொறன்ரோவில், ஒருத்தி இங்கே. இருவர் வைத்தியர்கள், ஒருத்தி கணக்காளர். படம் எடுப்பது மூவருக்கும் பொதுவான பைத்தியம். நாற்பது வயதாகிறது, ஆட்கள் அதிகம் போகாத ஓர் இடத்துக்குப் போவோம் என்று 2020 தை மாதம் புறப்பட்டோம்.

தலைநகர் என்ஜமேனாவில் கமராவைப் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. அங்கே படம் எடுக்க அரசாங்க அனுமதிப் பத்திரம் வேண்டும். விமான நிலையம், அரச கட்டடம், இராணுவத்தினர் பக்கம் கமராவைத் திருப்பவே கூடாது. கூட வந்த ஐரோப்பியப் பயணிகள் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். எங்களுக்குப் புதுமையாக இருக்கவில்லை. கமரா வைத்திருப்பவரைச் சந்தேகத்தோடு பார்க்கும் ஊரில்தானே நாங்கள் வளர்ந்தோம்.

அங்கிருந்து வடகிழக்கே என்னெடி மேட்டுநிலத்துக்கு நாலு சில்லும் இழுக்கும் வாகனத்தில் நாட்கணக்கில் பயணம். வழியில் தார் வீதி முடிந்துவிடும்; பிறகு மணலில் சாரதியின் ஞாபகம்தான் வீதி. சாப்பாடு பெரும்பாலும் தினைவகைத் தானியத்தில் கிண்டிய கெட்டிக் களி. எங்கள் அம்மம்மாமாரின் குரக்கன் களியை ஒருநாளும் விரும்பிச் சாப்பிடாத மூவரும் அங்கே சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.

என்னெடி 2016 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. காற்றும் பழைய காலத்து நீரும் அரித்த மணற்பாறைகள் தூண்களாயும் வளைவுகளாயும் நிற்கின்றன. அலோபா வளைவின் உயரம் சுமார் 120 மீற்றர். நல்லூர்க் கோபுரத்தை அதன் அடியில் வைத்தாலும் மேலே நிறைய இடம் மிஞ்சும். ஆனால் படத்தில் அது தெரியாது. வெறும் பாறையாய் எடுத்தால் பத்து மீற்றரா நூறு மீற்றரா என்று யாருக்கும் விளங்காது. அடியில் ஓர் ஆள் நிற்கவேண்டும். ரொறன்ரோக்காரியைச் சிவப்புச் சால்வையோடு அனுப்பினோம். அவள் அங்கே நடந்து சேரும்வரை இவ்வளவு தூரம் என்று எங்களுக்கும் தெரியவில்லை. பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம், அந்தச் சிவப்புப் புள்ளிதான் அவள்.

ஆர்ச்செய் என்ற பள்ளத்தாக்கில் வற்றாத நீர்நிலை ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கான ஒட்டகங்கள் அங்கே தண்ணீர் குடிக்க வரும். அவை கத்துவது பாறைகளில் மோதித் திரும்பி வரும். அந்தச் சத்தத்தை எந்தக் கமராவாலும் கொண்டுவர முடியாது. ஒட்டகச் சாணத்தால் தண்ணீர் கறுத்திருக்கும். அந்தச் சாணத்தில் பாசி வளர, பாசியை மீன் தின்ன, மீனை முதலை தின்னும். ஆம், சகாராவின் நடுவில் முதலை! பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் பசுமையாய் இருந்த காலத்தின் மிச்சம். ஒருசில மட்டுமே உயிரோடு இருக்கின்றன. மேலே பாறையில் மணிக்கணக்காய் இருந்து ஒன்றே ஒன்றைக் கண்டோம். படம் ஆடிவிட்டது.

இந்தச் சபைக்குக் கட்டாயம் சொல்லவேண்டிய இடம் நியோலா டோவா. பெயரின் பொருளே 'பெண்பிள்ளைகளின் இடம்'. பாறையில் ஆளுயரத்துக்கும் மேலாகப் பெண் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். உடல் முழுவதும் நெளிவும் வளைவுமாய்க் கோலம். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது மட்டும் கோடுகள் எழும்பித் தெரியும்; உச்சி வெயிலில் அது வெறும் கல். இருட்டோடு எழும்பிப் போனோம். வரிசையாய் நிற்கும் அவர்களைக் கண்டதும் லண்டன்காரி, "காலைக் கூட்டத்துக்குப் பிந்திவிட்டம்" என்றாள்.

வடக்கே உனியங்கா ஏரிகளுக்குப் போகும் திசையில் உவாதி டூம் இருக்கிறது. 1987 இல் சாட் படைகள் லிபியப் படைகளிடமிருந்து பிடித்த தளம். மணலில் தாங்கிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. படத்துக்கு மிக வாய்ப்பான காட்சி. கண்ணிவெடிகளும் மிச்சமிருப்பதால் வாகனத் தடத்தை விட்டு இறங்கக்கூடாது. மற்றவர்கள் ஓரடியாவது முன்னே வைத்துப் பார்த்தார்கள். நாங்கள் மூவரும் சொல்லிவைத்ததுபோல் இறங்கவேயில்லை.

இனி அந்தக் கிணற்றடி.

ஃபாடா என்ற சிற்றூரைக் கடந்து ஒரு நாள் மத்தியானம், பெண்கள் சிலர் கிணற்றில் கழுதையைக் கட்டித் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களில் ஒருத்தி வாகனத்துக்குள் இருந்தபடியே நீள வில்லையால் ஒரு படம் எடுத்தாள். கயிற்றைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்கும் ஒரு பெண். அருமையான படம். பயணம் முழுவதிலும் அதுவே சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வோம். அந்தப் பெண் கயிற்றை விட்டுவிட்டு நேரே எங்களிடம் வந்தார். சத்தம் போடவில்லை. சாரதி மொழிபெயர்த்தார்: "என்னை எங்கே கொண்டு போகிறாய்?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. திரையைக் காட்டினோம், அவர் பார்த்திருக்க அழித்தோம். அவர் தலையசைத்துவிட்டுக் கழுதையிடம் போனார்.

அன்றிரவு எங்களுக்குள் சண்டை. எடுத்ததே பிழை என்றாள் ஒருத்தி. எடுத்தவள் அழுதாள். மூன்றாமவள், "அழித்ததுதான் பிழை" என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எங்கள் வகுப்பினருக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமமே வீதியில் இறங்கிய அந்த இரவும் அடுத்த நாட்களும். அப்போது நாங்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகள். நாவற்குழிப் பக்கம் யாரோ ஒருவர் சனத்தைப் படமெடுத்தார். மழை, சேறு, தலையில் மூட்டை. முகத்தை மறைத்தது ஞாபகம் இருக்கிறது. இந்தக் கோலத்தில் எங்களை எடுக்க இவர் யார் என்ற கோபமும் ஞாபகம் இருக்கிறது. பல வருடங்களுக்குப் பிறகு எங்கள் சிநேகிதி ஒரு வெளிநாட்டுப் பழைய சஞ்சிகையில் அந்தப் படத்தைக் கண்டாள். நடுவில் அவளுடைய அம்மா. கீழே 'அகதிப் பெண்கள்' என்று மட்டும். வீட்டு அல்பங்கள் எல்லாம் விட்டுவந்த வீட்டோடு போய்விட்டன. அம்மா 1998 இல் காலமானார். நடுவயதில் அம்மாவின் முகம் என்று அவளிடம் இருப்பது அனுமதி கேளாமல் எடுத்த அந்த ஒரு படம்தான்.

"அந்த மனுசன் அழிச்சிருந்தா?" என்று கேட்டாள். நாங்கள் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து பெரிய கமராக்களைப் பாறைகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம். விளையாட்டாய்க் கொண்டுபோன உடனடிப் படக் கமரா ஒன்று இருந்தது. பத்துத் தாள் கொண்ட பெட்டிகள் ஆறு. ஆக 60 படங்கள். பாலைவனக் காலைக் குளிரில் படம் வெளிறிப்போகும். தாளை அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கவேண்டும். மூன்று வயதுபோன பெண்கள் அக்குளில் கையை இடுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தே பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கேட்டவர்களுக்கு மட்டும் எடுத்தோம், எடுத்ததை அவர்களிடமே கொடுத்தோம். அவர்கள் ஓடிப்போய் நல்ல உடுப்பு மாற்றி வந்தார்கள். ஒரு கிழவியார் தன் ஆட்டோடுதான் நிற்பேன் என்றார். யாருமே நாங்கள் விரும்பியதுபோல் இயல்பாக நிற்கவில்லை. எல்லோரும் எங்கள் ஊர் ஸ்ரூடியோப் படங்களில்போல விறைத்து, நேரே பார்த்து நின்றார்கள்.

கர்ப்பிணி ஒருத்தி வயிற்றில் கைவைத்தபடி ஒன்று கேட்டாள். 2020 ஆம் ஆண்டுக்கான ஐ.நா. மதிப்பீட்டின்படி, அந்த நாட்டில் உயிருடன் பிறக்கும் ஓர் இலட்சம் குழந்தைகளுக்கு 1,063 தாய்மார் இறக்கிறார்கள். இலங்கையில் 29. எங்களில் வைத்தியர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரத்த அழுத்தம் பார்த்தோம், சரியாக இருந்தது. அவளுக்கு மட்டும் இரண்டு தாள் செலவழித்தோம். ஒன்று அவளுக்கு, ஒன்று வீட்டில் வைக்க. மூன்றாம் நாள் தாள் தீர்ந்துவிட்டது.

ஆகவே மண்டபத்தின் பின்பக்கம் நீங்கள் பார்க்கப்போகும் பதினெட்டுப் படங்களில் பாறையும் ஏரியும் ஒட்டகமும்தான் அதிகம். ஆட்கள் குறைவு. குறை சொல்லாதீர்கள்.

பத்தொன்பதாவதாக அந்தச் சஞ்சிகைப் படத்தையும் மகளின் விருப்பப்படி மாட்டியிருக்கிறோம். அம்மாவும் இந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைதான். அறுபதுகளில் விடுதியில் இருந்தவர். இப்போது கீழே அவருடைய பெயர் எழுதியிருக்கிறது. அவருக்கு இடப்பக்கம் தையல் மெசினைத் தலையில் வைத்திருக்கும் பெண்ணும், பின்னால் வெள்ளைச் சீருடையோடு நிற்கும் சிறுமியும் யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை. சீருடை எங்களுடையதுதான். மலரிலும் அந்தப் படம் வரும். எந்த நாட்டில் இருந்தாலும், அடையாளம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சங்கத்துக்கு எழுதுங்கள்.