லீ திம்-ஓய் அம்மையார்

சமய நிறுவனங்களில் பெரிய மாறுதல்கள் மகாநாடுகளிலேதான் பிறக்கின்றன என்று நாம் எண்ணுவதுண்டு. ஆங்கிலிக்கன் திருச்சபையில் ஒரு பெண்மணி முதன்முதலாகக் குருவானது அவ்வாறு நிகழ்ந்ததன்று. போர்க்காலத்தில், திருவிருந்து நடத்த ஆள் இல்லாத ஓர் ஊரின் தேவையை முன்னிட்டு நிகழ்ந்தது அது.

லீ திம்-ஓய் 1907-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் ஹாங்காங்கில் பிறந்தார். ஆண் மகவையே பலரும் விரும்பிய அக்காலத்தில், தந்தையார் தம் மகளுக்கு இட்ட பெயரின் பொருள் 'மிகுந்த அன்புக்குரியவள்' என்பது. ஞானஸ்நானம் பெற்றபோது, நைட்டிங்கேல் அம்மையாரை நினைந்து பிளாரன்ஸ் என்னும் பெயரையும் சேர்த்துக்கொண்டார். காண்டன் நகரில் இறையியல் பயின்றார். 1941-இல் உதவிக்குருவாகி, மக்காவு நகரத்துச் சபையில் பணியாற்றினார்.

மக்காவு அந்நாளில் போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்த சிறு துறைமுகம். போர்ச்சுகல் நடுநிலை வகித்தமையால் அகதிகள் அங்கே வந்து குவிந்தனர். 1941 டிசம்பரில் ஹாங்காங் ஜப்பானியர் வசமாயிற்று. பின்னர் குருமார் மக்காவுக்கு வந்துபோவது இயலாததாயிற்று. உதவிக்குரு பிரசங்கம் செய்யலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், இறந்தோரை அடக்கம் செய்யலாம். அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆசீர்வதித்துத் திருவிருந்து நடத்துதல் மட்டும் குருவுக்கே உரியது. பிற மாநிலங்களில் வாழும் நமக்கு அம்மக்களின் தவிப்பு ஓரளவு விளங்கும். வீட்டில் ஒரு மணமோ சாவோ நேர்ந்தால், நம் முறை அறிந்த ஒருவரைத் தேடி எத்தனை தெரு அலைகிறோம்!

ஹாங்காங் பேராயர் ரொனால்டு ஹால் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார். குருப்பட்டம் பெறாத ஒருவரைத் திருவிருந்து நடத்த விடுவதைக் காட்டிலும், இறைவனின் அழைப்பைப் பெற்ற ஒருவரை, பெண்ணாயினும், முறைப்படி குருவாக்குவதே மரபுக்கு நெருங்கியது என்பது அவர் வாதம். மரபை மீறினார் என்று பின்னர்க் குறைகூறப்பட்டவர், மரபைக் காக்கும் நோக்கத்துடனேயே அதைச் செய்தார் என்பது கவனிக்கத்தக்கது. அம்மையார் ஜப்பானியர் பிடியிலிருந்த பகுதிகளைக் கடந்து, குவாங்துங் மாகாணத்துச் சாவ்ச்சிங் நகரை அடைந்தார். 1944 ஜனவரி 25-ஆம் நாள் அங்கே குருப்பட்டம் பெற்றார்.

போர் ஓய்ந்ததும் எதிர்ப்பு வலுத்தது. பேராயர் ஹால் பதவி துறக்க நேருமோ என்னும் நிலை உண்டாயிற்று. 1946-இல் அம்மையார் தம் பணியுரிமச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். குருவாகப் பணிபுரியும் உரிமையை விட்டாரேயன்றி, பெற்ற குருத்துவத்தை விடவில்லை. இது வழக்கறிஞர் காணும் நுணுக்கம்போலத் தோன்றலாம். ஆயினும் அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் இதன்மேலேயே நின்றது. இடர்ப்பாட்டிலே பணியாற்றியவர்மீதே விட்டுக்கொடுக்கும் சுமையும் விழுந்தது நமக்கு நியாயமாகப் படவில்லை.

அடுத்து ஹெப்பு என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டார். பெண் சிசுக்களைப் பிறந்தவுடன் கொன்றுவிடும் வழக்கம் அங்கே இருந்தது. அதைத் தடுக்கும்பொருட்டு ஒரு பிரசவ விடுதியை நடத்தினார். 'அன்புக்குரியவள்' என்று பெயர் பெற்றவர் வேறு என்ன செய்வார்?

1949-க்குப் பின் சீனாவில் ஆட்சி மாறியது. 1958 முதல் 1974 வரை அம்மையார் பண்ணையிலும் தொழிற்சாலையிலும் உழைத்தார். தம் வழிபாட்டு அங்கிகளைத் தம் கையாலேயே கத்தரித்துப் போடுமாறு வற்புறுத்தப்பட்டார். சீட்டும் இல்லை, அங்கியும் இல்லை, கோயில்களும் மூடப்பட்டன. அந்நிலையிலும் தாம் குரு என்னும் எண்ணம் அவரை விட்டு அகலவில்லை.

இதற்கிடையே, 1971 நவம்பர் 28-ஆம் நாள், அதே ஹாங்காங் மறைமாவட்டத்தில் ஜாய்ஸ் பென்னட், ஜேன் ஹுவாங் என்னும் இருவர் திருச்சபையின் இசைவுடன் குருப்பட்டம் பெற்றனர். ஆங்கிலிக்கன் சபைகள் சிலவும் பிற சபைகளும் இணைந்து 1947-இல் உருவான நம் தென்னிந்தியத் திருச்சபையும் 1976-இல் ஒரு பெண்மணியைக் குருவாக்கியது. சீனாவில் 1979-இல் கோயில்கள் மீண்டும் திறக்கப்பட்டபின், அம்மையார் கனடா சென்றார். டொராண்டோவில் சீன மக்களின் சபையொன்றில், முதுமையிலும், குருவாகவே பணிபுரிந்தார். அவர் குருவான 40-ஆம் ஆண்டு நிறைவு 1984-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கொண்டாடப்பட்டது. அந்நாளில் இங்கிலாந்துத் திருச்சபையில் பெண் எவரும் குருவாக இயலாது.

1992 பிப்ரவரி 26-ஆம் நாள் அம்மையார் டொராண்டோவில் காலமானார். பெண்களைக் குருவாக்க இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுமன்றம் இசைந்தது அதே ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள்.