நூறு மில்லி வினாடியின் சாட்சியம்

கண் மருத்துவரிடம் போனால் முதலில் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்வார்கள். கடைசி வரி வரை தடங்கலில்லாமல் வாசித்துவிட்டால், பார்வை நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக வீடு திரும்புகிறோம். ஆனால் கண்ணில் விழுந்த காட்சி மூளைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை அந்தப் பலகையால் சொல்ல முடியாது. எழுத்தைத் தெளிவாக வாசிக்கும் கண்ணிலிருந்துகூடச் செய்தி தாமதமாகப் போகலாம். அந்தத் தாமதம் பார்வை நரம்புக்கு நேர்ந்த பாதிப்பின் தடயமாக இருக்கலாம். அதை அளக்கும் சோதனையை மருத்துவமனைகளில் வி.இ.பி. என்கிறார்கள். ஸ்கேன் வந்துவிட்டது, இனி இது எதற்கு என்று அதை ஒதுக்குவது சரியல்ல. அதே சமயம், அது சொல்லாத ஒன்றை அதிலிருந்து வாசித்துக்கொள்ளவும் கூடாது. இந்த இரண்டையும்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

சோதனை எளிமையானது. தலையின் பின்புறம், பார்வைக்கான மூளைப் பகுதிக்கு நேர் மேலே, பசை தடவி ஒரு சிறு மின்முனையை ஒட்டுவார்கள். ஒரு கண்ணை மூடிவிட்டு, மறு கண்ணால் திரையின் நடுப்புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள். திரை முழுக்கச் சதுரங்கப் பலகையைப் போலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். வினாடிக்கு இரண்டு முறை கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். பாதிக் கட்டம் கறுப்பு, பாதி வெள்ளை என்பதால் எத்தனை முறை மாறினாலும் திரையின் மொத்த வெளிச்சம் மாறுவதில்லை. ஆகவே மூளை காட்டும் மறுமொழி வெளிச்சத்துக்கானது அல்ல, கட்டங்களின் வடிவத்துக்கானது. ஆரோக்கியமான கண் என்றால், கட்டம் மாறிய கணத்திலிருந்து ஏறத்தாழ 100 மில்லி வினாடியில், அதாவது வினாடியில் பத்தில் ஒரு பங்கில், பதிவில் ஒரு தெளிவான முகடு எழும். பார்க்கிறவர் வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த முகட்டைக் கண்டுபிடிப்பதுதான் கடினமாக இருந்தது. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தது 1924-இல். 1929-இல் அதை வெளியிட்டார். ஓயாமல் எழும் அந்த அலைகள் பல பத்து மைக்ரோவோல்ட் அளவுக்குப் போகும். கட்டங்களுக்கான மறுமொழியோ பெரும்பாலும் அதைவிடச் சிறியது. ஒரே ஒரு முறை பார்த்தால் இரைச்சலில் கரைந்துவிடும். இதற்கு வழி கண்டவர் லண்டனில் பணியாற்றிய ஜார்ஜ் டாசன். ஒரே தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, பதிவுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும் கருவியை 1950-களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கினார். தூண்டலோடு தொடர்பில்லாத அலைகள் ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே என்று தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். தூண்டலால் எழுந்த அலை ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் வருவதால் நிலைத்து நிற்கும். 100 பதிவுகளைச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

இதன் மருத்துவப் பயனை நிலைநாட்டியது 1972-இல் வெளியான ஓர் ஆய்வு. லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையைச் சேர்ந்த ஹாலிடே, மெக்டொனால்ட், முஷின் ஆகிய மூவரும் பார்வை நரம்பு அழற்சி வந்தவர்களைப் பரிசோதித்தார்கள். பாதிக்கப்பட்ட கண்ணில் முகடு கணிசமாகத் தாமதமாக வந்தது. பார்வை தேறி, எழுத்துப் பலகையை வாசிக்க முடிந்த பிறகும் தாமதம் போகவில்லை. காரணம் இதுதான்: பார்வை நரம்பின் இழைகளை மூடியிருக்கும் மையலின் உறை செய்தியை விரைந்து கடத்துகிறது. அது சிதைந்தால் இழை உயிரோடிருந்தாலும் செய்தி மெதுவாகவே போகும். அடுத்த ஆண்டு அதே குழு, மையலினைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோயாளிகளில் கண் கோளாறே வந்ததாக அறியாதவர்களிடமும் இந்தத் தாமதத்தைக் கண்டது. ஒரு கண்ணில் மட்டும் தாமதம் என்றால் கோளாறு எங்கே என்றும் ஓரளவு சொல்லலாம். ஒவ்வொரு கண்ணின் இழைகளும் வழியில் பிரிந்து, மூளையின் இரு பக்கங்களுக்கும் போகின்றன. எனவே ஒற்றைக் கண்ணின் தாமதம், அந்தப் பிரிவுக்கு முன்னால்தான் பழுது என்று காட்டுகிறது.

எம்.ஆர்.ஐ. இருக்கும்போது இது தேவையா என்று கேட்கலாம். ஸ்கேன் தழும்பின் உருவத்தைக் காட்டும். அந்தப் பாதையில் செய்தி எப்படி ஓடுகிறது என்பதைக் காட்டாது. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸைக் கண்டறியும் விதிகள், மேலே சொன்ன அதே மெக்டொனால்டின் பெயரில் 2001-இல் வந்தபோது இச்சோதனைக்கு அவற்றில் இடமிருந்தது. 2010-இல் ஸ்கேனின் கை ஓங்க, அந்த இடம் போயிற்று. 2024-இல் திருத்தப்பட்ட விதிகளோ பார்வை நரம்பை நோய் தாக்கும் இடங்களில் ஒன்றாகச் சேர்த்து, அதற்குச் சான்றாக இச்சோதனையை மறுபடியும் ஏற்கின்றன. 2017-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கலிஃபோர்னியாவில் 50 நோயாளிகளிடம் கிளெமாஸ்டின் என்ற மருந்தைச் சோதித்தபோது, மையலின் திரும்புகிறதா என்று அறிய இந்தத் தாமதத்தையே அளவுகோலாகக் கொண்டார்கள். தாமதம் குறைந்தது கண்ணுக்கு 1.7 மில்லி வினாடி. சிறிய அளவுதான். ஆனால் அவ்வளவு சிறிய மாற்றத்தையும் எண்ணாகச் சொல்ல முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. கண்ணாடி போடாமல் பார்த்தாலோ, புள்ளியை விட்டுப் பார்வையை அலையவிட்டாலோ முடிவு கெட்டுவிடாதா? கெடும். முகட்டின் உயரம் எளிதில் மாறக்கூடியது. அது எழும் நேரம்தான் அதைவிட உறுதியானது. அதனால்தான் மருத்துவர்கள் நேரத்தை நம்புகிறார்கள், வழக்கமாக அணியும் கண்ணாடியோடு உட்காரச் சொல்கிறார்கள், ஒருவரின் இரு கண்களையும் ஒப்பிடுகிறார்கள். தாமதத்துக்கு மையலின் சிதைவு மட்டுமே காரணம் என்றும் கொள்ளக்கூடாது. கண் நீர் அழுத்த நோய், விழித்திரை நோய், வைட்டமின் பி12 குறைவு, நரம்பை அழுத்தும் கட்டி ஆகியவையும் முகட்டைத் தள்ளிப்போடலாம். எனவே விழித்திரையைப் பரிசோதிக்காமல் இந்த எண்ணை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்வது அவசரம்.

இதற்கு மறுபுறமும் உண்டு. முகடு சரியான நேரத்தில் எழுந்தால் பார்வை முழுமையாக இருக்கிறது என்று பொருளா? இல்லை. செய்தி மூளையின் பின்பகுதியை அடைந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. அங்கிருந்து அது காட்சியாகி, புரிதலாகும் வழியில் எங்காவது பழுது இருந்தால் இந்தச் சோதனை அதைச் சொல்லாது. ஆயினும் பேசத் தெரியாத பச்சிளங்குழந்தைக்கு எவ்வளவு நுண்மையான கோடுகள் வரை எட்டுகின்றன என்று மதிப்பிட, இப்படிப்பட்ட பதிவுகளே கைகொடுக்கின்றன. வாயால் சொல்ல முடியாதவரின் பார்வைக்கு அது ஒரு சாட்சி.

சாட்சி என்ற சொல்லை யோசித்தே சொல்கிறேன். தீர்ப்பு சொல்வது மருத்துவரின் வேலை. நோயாளி சொல்வதையும் ஸ்கேனையும் விழித்திரைப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தே அவர் சொல்ல வேண்டும். ஆனால் இந்தச் சாட்சியைக் கூப்பிடாமலே வழக்கை முடித்தால், வெளியே தெரியாமல் நடந்துபோன பாதிப்பு தெரியாமலே போய்விடும். ஒரு கண் சில நாட்கள் மங்கி, கண்ணை அசைக்கும்போது வலித்து, பிறகு தானாகத் தேறியிருந்தால் அதை மறந்துவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் இந்தச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தால் உங்கள் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.