நம் போன் யாருக்குச் சாட்சி சொல்லும்?

(எடப்பாடியில் நடந்த இளைஞர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘சிறந்த ஸ்மார்ட்போனில் என்னென்ன வசதிகள் இருக்க வேண்டும்?’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். கடையில் கேட்டால் எத்தனை மெகாபிக்சல், எத்தனை ஜிபி ரேம் என்று சொல்லிவிடுவார்கள். சாதி உயிரோடு இருக்கும் ஊரில் வாழ்கிற நாம் இன்னொன்றையும் கேட்க வேண்டும். நமக்கு ஒன்று நடந்தால் இந்த போன் யாருக்குச் சாட்சி சொல்லும்?

என் ஆய்வுக்காக வன்கொடுமை வழக்குகளின் தீர்ப்புகளைப் படித்து வருகிறேன். அதிலிருந்து, நமக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் ஒரு தலித் இளைஞர். 2015 ஜூன் 23 அன்று, இடைநிலைச் சாதியைச் சேர்ந்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார்.

அந்த வழக்கில் செல்போன் முதலில் யார் கையில் இருந்தது? தற்கொலை செய்துகொள்ளப் போவதாக கோகுல்ராஜை மிரட்டிப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள் என்பது அரசுத் தரப்பு வழக்கு. தேடப்பட்ட யுவராஜ், தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் ஆடியோ வெளியிட்டார். அதைப் பெருமையாகப் பகிர்ந்தவர்களும் இருந்தார்கள்.

முக்கிய சாட்சியான அந்தத் தோழி நீதிமன்றத்தில் பிறழ் சாட்சியானார். ஆனால் கோயிலின் சிசிடிவி பதிவு இருந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைத் தண்டித்தது. மேல்முறையீட்டின்போது, 2023 ஜனவரியில், உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவர் கோயிலுக்கே வந்து கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தார்கள். அந்த ஜூனில் யுவராஜின் ஆயுள் தண்டனை உறுதியானது. இத்தனை ஆண்டும் கோகுல்ராஜின் தாய் சித்ரா பின்வாங்கவில்லை.

எனவே நான் கேட்கும் முதல் வசதி, பதிவைச் சிதையாமல் காப்பது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் ‘ஹேஷ்’ மதிப்பு எழுத வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி; ஒரு நொடியை வெட்டினாலும் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினாலே கோப்பு சுருங்கி வேறு கோப்பாகிவிடுகிறது. ஒரு பட்டனை அழுத்தினால் மூலப் பதிவைப் பூட்டி, ஹேஷ் குறித்து, வேறோர் இடத்தில் ஒரு நகலையும் சேர்க்கிற போன் வேண்டும். போனைப் பிடுங்கி உடைத்தாலும் பதிவு பிழைக்க வேண்டும்.

இரண்டாவது, பெண்ணின் கையில் அவளுடைய சொந்தப் பூட்டு. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் சுமார் 54 விழுக்காட்டினரிடம்தான் தாங்களே பயன்படுத்தும் செல்போன் இருந்தது. சாதி மறுத்துக் காதலிக்கும் பெண்ணிடமிருந்து முதலில் பிடுங்கப்படுவது போன்தான். 2016இல் வந்த மத்திய அரசு விதி ஸ்மார்ட்போனில் ஆபத்துப் பொத்தான் வேண்டும் என்கிறது. பவர் பட்டனை மூன்று முறை அழுத்தினால் அவசர உதவி எண்ணுக்கு அழைப்பு போக வேண்டும். காவல் நிலையத்திலும் சாதி இருக்கிற நாட்டில், அதே அழுத்தலில் அவள் தேர்ந்தெடுத்த தோழர்களுக்கும் அவள் இருக்கும் இடம் தெரிய வேண்டும்.

மூன்றாவது, உழைப்பவர் கையில் தாக்குப்பிடிப்பது. தறிக்கூடத்துச் சத்தத்தில் ரிங்டோன் கேட்காது. சார்ஜ் துளையில் பஞ்சு அடைத்துக்கொள்ளும். பேட்டரி போனால் நாமே மாற்ற முடிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல் இதைச் சட்டமாக்குகிறது. இங்கே பேட்டரி போனதற்காகப் புது போனுக்குத் தவணை கட்டுகிறோம்.

சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை நடக்க வேண்டும். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமானது. நாளுக்கு இரண்டு முறை படம் எடுக்க வேண்டியிருந்தது. படம் ஏறாவிட்டால், வெயிலில் மண் வெட்டியவரின் கூலி போனது. அதில் போனின் பழுதுக்கும் அரசின் பிடிவாதத்துக்கும் சேர்த்து விலை கொடுத்தது பெரும்பாலும் நம் பெண்கள்.

இந்த போனை நாளைக்கே எந்தக் கம்பெனியும் செய்து தராது. இருக்கிற போனிலேயே சிலவற்றைத் தொடங்கலாம். வன்கொடுமையைப் பதிவு செய்தால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். பாதிக்கப்பட்டவரின் முகத்தையும் பெயரையும் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். முதலில் வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

ஒவ்வொரு படிப்பு வட்டத்திலும் அந்த 63ஆம் பிரிவுச் சான்றிதழை நிரப்பத் தெரிந்த இருவராவது இருக்க வேண்டும். அடுத்த கூடலை அதற்கான பயிற்சியாகவே வைப்போம். படிவத்தின் நகல்களை நான் கொண்டுவருகிறேன். நீங்கள் உங்கள் போனோடு வாருங்கள்.