கைப்பேசி ஆட்டக் களத்தில் ஒரு படக்கருவி



பிள்ளை கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்துவிட்டால் நம் வீடுகளில் சண்டைதான். அந்தச் சண்டையைத் தீர்த்து வைக்க நாம் இன்று வரவில்லை. பள்ளிக்கூடத்திலேயே அது நமக்குப் போதுமான அளவு கிடைக்கிறது. அதே ஆட்டத்தை மேடை போட்டு, பரிசுப் பணம் வைத்து ஆடுகிறார்கள். ஆடுவோரையும் கூடியிருப்போரையும் படம் எடுப்பதற்கென்றே அங்கே சிலர் போகிறார்கள். அந்தத் தொழிலைப் பற்றித்தான் பேசப் போகிறோம். நம்மிடம் படித்த மாணவர் ஒருவர், கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர், இப்போது இந்த வேலைக்கும் போய் வருகிறார். தொழில் நுணுக்கமெல்லாம் அவர் நமக்குச் சொல்லித் தந்தவை.

2019 நவம்பரில், கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் உள்ள, அப்போது ஆக்சியாத்தா அரங்கம் எனப்பட்ட உள்ளரங்கில், மொபைல் லெஜெண்ட்ஸ் என்னும் கைப்பேசி ஆட்டத்தின் முதல் உலகப் போட்டி நடந்தது. 1998 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகக் கட்டிய அரங்கம் அது. முன்பு புத்ரா அரங்கம் என்பார்கள். அங்கு நடக்கும் பூப்பந்துப் போட்டிகளை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இறுதிச் சுற்றில் இந்தோனேசியக் குழுக்கள் இரண்டே மோதின. ஏழாவது ஆட்டம் வரை இழுத்து, ஈவோஸ் லெஜெண்ட்ஸ் 4-3 என்ற கணக்கில் ஆர்.ஆர்.கியூ. ஹோஷியை வென்றது.

பூப்பந்தில் ஆட்டக்காரர் எம்பி அடிப்பார். அந்த எம்பலைப் பிடித்துவிட்டால் படம் கிடைத்தது. இங்கேயோ ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம், நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அசைவது கட்டைவிரல் மட்டும். ஓட்டமும் அடிதடியும் திரைக்குள்ளே நடக்கின்றன. திரையில் நடப்பது தானாகவே பதிவாகிவிடும். அதற்கு ஓர் ஆள் படக்கருவியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அவர் எடுக்க வேண்டியது முகத்தை.

முகமோ இருட்டில் இருக்கிறது. விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நெற்றி விளக்கு விழும் பட்டை பளிச்சென்று தெரியும், பக்கத்து மரம் தெரியாது. மேடையின் பெரிய திரை அப்படித்தான் கண்ணைப் பறிக்கிறது. படக்கருவியைத் தன்போக்கில் விட்டால் அது திரையின் ஒளிக்கு ஏற்ப அளந்து, ஆட்டக்காரர் முகத்தைக் கரியாக்கிவிடும். ஆகவே முகத்தின் ஒளியை மட்டும் அளக்க வேண்டும். திரை வெளுத்துப் போனால் போகட்டும். ஃபிளாஷ் போடுவதற்கில்லை, ஆடுகிறவர் கண் கூசும். ஒளியை நிறைய வாங்கும் எஃப் 2.8 போன்ற லென்சும், ஐ.எஸ்.ஓ. 3200 அல்லது அதற்கும் மேலான அளவும் வேண்டியிருக்கும். இன்னொரு தொல்லை உண்டு. இந்தத் திரைகளும் விளக்குகளும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. ஷட்டர் வேகம் அதற்கு ஒத்துப்போகாவிட்டால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் இது கூடுதல். ஆட்டம் தொடங்குமுன்பே நாலைந்து படம் எடுத்துப் பார்த்து, வேகத்தைச் சற்றுக் கூட்டிக் குறைத்து வைத்துக்கொள்கிறார் நம் மாணவர்.

குனிந்த தலை எப்போது நிமிரும்? இதற்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். மொபைல் லெஜெண்ட்ஸில் ஒருவருடைய வீரன் அடிபட்டு விழுந்தால், மறுபடி எழும்வரை அவர் சில வினாடிகள் சும்மா இருக்க வேண்டும். அப்போதுதான் நிமிர்வார், உள்ளங்கை வியர்வையைக் காற்சட்டையில் துடைப்பார், தோழனைப் பார்ப்பார். அந்தச் சில வினாடிதான் படம். ஆட்டம் புரியாதவர் ஐந்து உச்சந்தலைகளை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்!

கூட்டத்தை எடுப்பது நம் தீமிதித் திருவிழா மாதிரி. எல்லாரும் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, நெருப்புக்கு முதுகைக் காட்டி நின்று, வேலியோரத்துத் தாய்மார் முகத்தை எடுத்தால் அதுவல்லவா படம்? இங்கேயும் திரைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். திரையில் பெரிய தாக்குதல் வெடிக்கையில் அந்த வெளிச்சமே ஆயிரம் முகங்களில் விழும். சிறு பிள்ளைகளைத் தனியே எடுப்பதானால் பெற்றோரைக் கேட்டுவிட்டு எடுப்பது முறை.

இனி நம் மாணவருக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். பட்டணத்துப் பேரங்காடி ஒன்றில் சிறிய போட்டி. தோட்டத்துப் பையன்கள் ஐவர் அரையிறுதி வரை வந்து தோற்றார்கள். அவர்களில் ஒருவன் சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இவர் எடுத்தார். நல்ல படம் என்றே அவருக்குத் தோன்றியது, ஏற்பாட்டாளர்களிடம் கொடுத்தார். மறுநாள் அது கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது, கேலி வாசகத்தோடு. பையன் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. அவன் நம் வகுப்பில் படித்தவனுக்குத் தம்பி. ஆகவே லயத்திற்கு நாமே போனோம். அவன் கதவைத் திறக்கவில்லை. அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். "வாத்தியாரே, தோத்ததுக்கு அழுதான், சரி. அதைப் படம் புடிச்சு ஊருக்கெல்லாம் காட்டணுமா?" என்றார். நம்மிடம் பதில் இல்லை.

மாணவரிடம் இதைச் சொன்னோம். அவர் வாதாடவில்லை. தோல்வியும் போட்டியில் ஒரு பகுதிதான், அதை எடுக்கக் கூடாது என்று நாமும் சொல்ல மாட்டோம். ஆனால் எடுப்பது வேறு, கொடுப்பது வேறு. அவர் அன்று எடுத்த நூற்றுக்கணக்கான படங்களையும் மறுபடி புரட்டினார். அதில் ஒன்று, தோற்பதற்குப் பத்து நிமிடம் முன்பு எடுத்தது: அதே பையன் தலை நிமிர்ந்து, பக்கத்துத் தோழனிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான், திரையின் நீல வெளிச்சம் கன்னத்தில் விழுகிறது. அதைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். அப்பா நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு கூட்டத்துக்கு நடுவிலா ஆடினான்?" என்று கேட்டாராம்.

அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே தொங்குகிறது. கைப்பேசிக்கான சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை.