சோனகர் யார் என்று யார் சொல்வது?

(திருவனந்தபுரத்தில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பீமாபள்ளிக்குப் போகாதவர்கள் நம்மில் குறைவு. அங்கே அடங்கியுள்ள பீமா பீவி அரபு நாட்டிலிருந்து வந்தவர் என்பது ஐதீகம். மலபாரிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் அரபு வணிகரை மூதாதையராகச் சொல்லும் முஸ்லிம்கள் உண்டு. காயல்பட்டினத்துக்காரர் தம்மைத் தமிழர் என்கிறார். வீட்டில் அதே தமிழைப் பேசும் இலங்கைச் சோனகரோ, நாங்கள் தனி இனம் என்கிறார். ஏன்?

இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் உழைத்தவர் டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1970ஐ ஒட்டி இலங்கையின் கிழக்கே அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்தார். 1974இல் சிகாகோவில் டாக்டர் பட்டம், பிறகு கொலராடோவில் பேராசிரியர் பதவி, 2008இல் ஒரு பெரிய நூல். அக்கரைப்பற்றில் அவர் கண்டது என்ன? தமிழருக்கும் சோனகருக்கும் தாய்வழியில் வரும் குடிகள். வீடு மகளுக்குச் சீதனம்; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மருமக்கத்தாயம் கண்ட இந்த ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பிளவு எங்கிருந்து வந்தது? அரசியலிலிருந்து என்கிறது 1998இல் வந்த அவரது கட்டுரை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் மதத்தால் முஸ்லிம்கள், இனத்தால் தமிழர் என்று கொழும்பில் கட்டுரை வாசித்தார். அவர் சட்டசபையில் தமிழர் பிரதிநிதி. சோனகருக்குத் தனி இடம் வேண்டும் என்ற பேச்சு எழுந்திருந்த நேரம். அவர் அணைத்துக்கொண்டது சகோதரரையா, நாற்காலியையா? நாற்காலியைத்தான் என்று சோனகர் எண்ணினார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. 1889இல் அந்த இடம் கிடைத்தது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் மறுப்பு நூலே எழுதினார். அரபு வம்சம் முன்னுக்கு வந்தது இப்படித்தான்.

பிறகு 1990. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேரத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். நீங்களும் தமிழர்தானே என்று ஒரு காலத்தில் உரிமை கொண்டாடியதற்கு என்ன மதிப்பு மிஞ்சியது?

நம்மை 'பாண்டி' என்று கூப்பிட்டால் நமக்குச் சுடுகிறது. இங்கே பிறந்த நம் பிள்ளை 'நான் மலையாளி' என்றால் அவனை அதட்டுகிறோம்! அவனிடம் காரணம் கேட்டவர்கள் இங்கே எத்தனை பேர்?

கணக்கெடுப்புக்கு வருபவர் தாய்மொழி எது என்று கேட்பார். மேஸ்திரியோ வீட்டுச் சொந்தக்காரரோ உங்களுக்காகப் பதில் சொல்ல விடாதீர்கள். அவர் குறித்துக்கொண்டதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.